எண் போட்ட ஊர்களையும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆகஸ்ட் 14 அன்று உங்கள் நடுப்பக்கத்தில் வந்த தேசப் பிரிவினைக் கட்டுரையைப் படித்தேன். கட்டுரையாளர் அக்கறையோடு எழுதியிருக்கிறார். ஆனால் கடைசிப் பத்தியில், பாகிஸ்தானிலிருந்து வந்த அகதிகளை இந்தியா பத்தே ஆண்டுகளில் குடியமர்த்தி முடித்துவிட்டது என்ற பொருளில் ஒரு வரி வருகிறது. அந்த வரியைப் படித்ததிலிருந்து மனது சரியில்லை. நான் 1983 முதல் 1986 வரை ஒரிசாவின் (இப்போது ஒடிசா) மல்காங்கிரியில் ஒரு வங்கியில் விவசாயக் கடன் அலுவலராக வேலை பார்த்தவன். பிரிவினை அகதிகளின் ஊர்களுக்கு வாரத்தில் நாலு நாள் ஜீப்பில் போய்வந்தவன். அங்கே எதுவும் முடிந்திருக்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். கடிதம் நீண்டுவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பஞ்சாபைப் பற்றி அவர் எழுதியதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. அங்கே நடந்தது பெரிய காரியம். மேற்குப் பஞ்சாபிலிருந்து வந்த இந்துக்களும் சீக்கியர்களும் விட்டுவந்த நிலம் சுமார் 67 லட்சம் ஏக்கர். கிழக்குப் பஞ்சாபிலிருந்து போன முஸ்லிம்கள் விட்டுப்போனது சுமார் 47 லட்சம் ஏக்கர். நிலமும் குறைவு, தரமும் குறைவு. மேற்குப் பஞ்சாபில் லயல்பூர், மாண்ட்கோமரி பக்கம் கால்வாய்ப் பாசனத்தில் கோதுமை விளைத்தவனுக்கு இங்கே மானாவாரி மேட்டைக் கொடுத்து "ஏக்கருக்கு ஏக்கர் சரியாகப் போச்சு" என்று சொல்ல முடியாது. தர்லோக் சிங் என்ற ஐ.சி.எஸ். அதிகாரி இதற்கு ஒரு வழி கண்டார். ஏக்கரைப் பரப்பால் அளக்காமல் விளைச்சலால் அளந்தார். நல்ல நிலமென்றால் குறைந்த பரப்பே ஒரு ஸ்டாண்டர்டு ஏக்கர், மோசமான நிலமென்றால் அதிகப் பரப்பு சேர்ந்தால்தான் ஒரு ஸ்டாண்டர்டு ஏக்கர். பற்றாக்குறையையும் எல்லார் தலையிலும் ஒரே மாதிரி வைக்கவில்லை. பத்து ஏக்கர் இழந்தவனுக்குக் கால் பங்கு பிடித்தம். ஐந்நூறு ஏக்கருக்கு மேல் இருந்த பெரிய ஜமீனுக்கு அந்த மேல்பகுதியில் நூற்றுக்கு 95 பிடித்தம். அவருக்குப் பின் வந்த எம்.எஸ். ரந்தாவா அந்த வேலையை நடத்தி முடித்தார். 1949 முடிவதற்குள் சுமார் இரண்டரை லட்சம் பேருக்கு நிலம் ஒதுக்கியாகிவிட்டது.

விவசாயம் படித்தவன் என்பதால் அந்தக் கணக்கு எனக்குப் பிடிக்கும். அதைவிட எனக்குப் பிடித்தது வேறு ஒன்று. எனக்கு அங்கே இத்தனை நிலம் இருந்தது என்று ஒருவர் எழுதிக் கொடுத்தால், அவருடைய பழைய ஊர்க்காரர்களைக் கூட்டி உட்காரவைத்து, அவர்கள் முன்னால் அதை வாசித்துச் சரிபார்த்தார்கள். ஆவணங்கள் பாகிஸ்தானிலிருந்து வருவதற்கு முன்பே இது நடந்தது. ஊரையே இழந்துவிட்டு வந்தவனை, "உன் ஊரைப் பற்றி நீயே சொல்" என்று அரசாங்கம் கேட்டது. நிலமே இல்லாமல் கூலிக்குப் போய்க்கொண்டிருந்தவர்களுக்கு அந்தக் கூட்டத்தில் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை, அவர்களுக்குக் கிடைத்ததும் சொற்பம். அந்தக் குறையையும் மறைக்கக் கூடாது. ஆனாலும் கேட்டார்கள், அல்லவா?

கிழக்கே யாரும் கேட்கவில்லை. 1951 மக்கள்தொகைக் கணக்கில் இந்தியாவில் இருந்த அகதிகள் சுமார் 73 லட்சம். அதில் சுமார் 25 லட்சம் பேர் கிழக்கு வங்காளத்திலிருந்து வந்தவர்கள். மேற்கே ஒரே வீச்சில் மக்கள் இடம் மாறினார்கள். கிழக்கே அப்படி இல்லை. 1947-இல் கொஞ்சம், 1950-இல் கலவரம் வந்தபோது நிறைய, அப்புறம் வருஷாவருஷம், 1964-இல் மறுபடியும் வெள்ளம்போல என்று வந்துகொண்டே இருந்தார்கள். 1950 ஏப்ரலில் நேருவும் பாகிஸ்தான் பிரதமர் லியாகத் அலிகானும் போட்ட ஒப்பந்தப்படி அவர்கள் திரும்பிப் போகலாம், அவர்களுடைய சொத்து அவர்களுக்கே இருக்கும். காகிதத்தில் நல்ல ஏற்பாடு. ஆனால் திரும்பிப் போகிறவர்கள்தானே என்ற எண்ணத்தில், அவர்களுக்கு நிலத்துக்கு நிலமும் இல்லை, இழப்பீடும் இல்லை. 1954-இல் வந்த இழப்பீட்டுச் சட்டம் மேற்கு பாகிஸ்தானிலிருந்து வந்தவர்களுக்கு மட்டும்தான். கையில் கொஞ்சம் காசும் படிப்பும் இருந்தவர்கள் கல்கத்தாவின் ஓரத்தில் காலி இடங்களைப் பிடித்துத் தாங்களே காலனி கட்டிக்கொண்டார்கள். ஒன்றும் இல்லாத விவசாயிகளும் மீனவர்களும் அரசாங்கம் போகச் சொன்ன இடத்துக்கெல்லாம் போனார்கள். இவர்களில் பெரும்பாலோர் நமசூத்ரர் என்ற தாழ்த்தப்பட்ட சாதியினர். 1958-இல் அவர்களுக்கென்று ஒரு காட்டுப்பகுதியைத் தேர்ந்தெடுத்தார்கள். அதுதான் தண்டகாரண்யத் திட்டம். ஒரிசாவின் கோராபுட் மாவட்டமும் மத்தியப் பிரதேசத்தின் பஸ்தர் மாவட்டமும் சேர்ந்த பகுதி.

எனக்கு மாற்றல் உத்தரவு வந்தபோது என் அம்மா, "தண்டகாரண்யமா? ராமர் வனவாசம் போன காடாச்சே!" என்று கேட்டார்கள். மன்னார்குடிப் பக்கத்துக் கிராமத்தில் நடவுக்கும் அறுப்புக்கும் நடுவே வாழ்ந்த அவர்களுக்கு அந்தப் பெயர் கம்பராமாயணக் கதையில் மட்டும்தான் தெரியும். எனக்கும் அவ்வளவுதான் தெரியும். மெட்ராஸிலிருந்து விசாகப்பட்டினம், அங்கிருந்து கிரந்துல் போகும் பாசஞ்சரில் அரக்கு மலை ஏறி ஜெய்ப்பூர். ராஜஸ்தான் ஜெய்ப்பூர் இல்லை, ஒரிசாவில் அதே பெயரில் ஒரு சின்ன ஊர். அங்கிருந்து பஸ். மலை இறங்கி, காடு தாண்டி, உடம்பெல்லாம் செம்மண் புழுதியோடு மல்காங்கிரியில் இறங்கினேன். அப்போது அது கோராபுட் மாவட்டத்தின் ஒரு உட்கோட்டம். தனி மாவட்டம் ஆனது 1992-இல்.

மறுநாள் கிளையில் என்னிடம் ஒரு பட்டியலைக் கொடுத்தார்கள். எம்.வி. 3, எம்.வி. 11, எம்.வி. 37 என்று போனது. ஏதோ கடன் கணக்கு எண்கள் என்று நினைத்தேன். இல்லை, அவை ஊர்களின் பெயர்கள். மல்காங்கிரி வில்லேஜ் என்பதன் சுருக்கம் எம்.வி. உமர்கோட் பக்கம் போனால் யு.வி., பரல்கோட் பக்கம் போனால் பி.வி. காட்டை வெட்டிச் சதுரம் சதுரமாக நிலம் பிரித்து, எந்த வரிசையில் குடியேற்றினார்களோ அந்த வரிசையில் எண் போட்டுவிட்டார்கள். இன்றைக்கும் அந்த ஊர்க்காரர்களைக் கேட்டால் எண்ணைத்தான் சொல்வார்கள். கல்யாணப் பத்திரிகையிலும் எண்தான் இருக்கும். எங்கள் பக்கம் பத்து வீடு இருக்கிற தெருவுக்குக்கூட ஒரு பெயர் இருக்கிறது, அந்தப் பெயருக்கு ஒரு கதை இருக்கிறது. அவர்களுக்கும் அப்படி ஊர்கள் இருந்தன, நதிக்கு அந்தப் பக்கம்.

அதில் ஒரு ஊரில் ஒரு பெரியவர் இருந்தார். எந்த எண் என்று எழுதவில்லை, அவர் குடும்பம் இன்னும் அங்கே இருக்கிறது. அப்போது அவருக்கு அறுபது வயதிருக்கும். என்னை "மேனேஜர் பாபு" என்பார். நான் மேனேஜர் இல்லை என்று எத்தனையோ முறை சொல்லியும் விடவில்லை. நான் அவரை வங்காளிகள் வழக்கப்படி "தாது" என்பேன், தாத்தா என்று அர்த்தம். கிழக்கு வங்காளத்தில் குல்னா மாவட்டத்து ரூப்சா நதிக்கரைக்காரர். நான் நதிப்படுகையில் பிறந்தவன் என்று தெரிந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "உங்கள் ஆற்றில் வெள்ளம் வந்தால் வண்டல் படியுமா?" என்பதுதான். படியும் என்றேன். அன்றிலிருந்து நாங்கள் கடனைப் பற்றிப் பேசியதைவிட மண்ணைப் பற்றிப் பேசியதே அதிகம்.

ஒருநாள் என்னைத் தன் வயலுக்குக் கூட்டிப்போனார். வீட்டு மனையோடு சேர்த்து ஆறேழு ஏக்கர் அவருக்குக் கொடுத்திருந்தார்கள். எங்கள் பக்கம் ஏழு ஏக்கர் என்றால் ஒரு குடும்பம் தலைநிமிர்ந்து இருக்கலாம். குனிந்து ஒரு பிடி மண்ணை எடுத்து என் கையில் வைத்தார். பாதி சரளை. மரங்களை வேரோடு பெயர்க்க இயந்திரங்களை ஓட்டியபோது மேல்மண்ணும் சேர்ந்து போய்விட்டது. மேல்மண் ஒரு சாண்தான் இருக்கும், ஆனால் அது உருவாக எத்தனை தலைமுறை ஆகும் என்று எந்த விவசாயிக்கும் தெரியும். மழை அங்கே நம் ஊரைவிட அதிகம் பெய்கிறது. ஆனால் மேட்டு நிலத்தில் விழுந்த தண்ணீர் நிற்காமல் ஓடிவிடுகிறது. செப்டம்பரில் இரண்டு வாரம் மழை பொய்த்தால் கதிர் பதராகிவிடும். முழங்கால் தண்ணீரில் நட்டுப் பழகிய மனிதர் அவர். வெள்ளம் ஏற ஏறக் கூடவே வளரும் நெல் ரகத்தை விதைத்தவர். அவரை இந்த மேட்டில் கொண்டுவந்து விட்டுவிட்டு, நாலைந்து வருஷத்தில் சொந்தக் காலில் நிற்க வேண்டும் என்று கணக்குப் போட்டிருந்தார்கள். அந்த நிலத்தை ஒதுக்குவதற்கு முன்னால் அவரை ஒருமுறை கூட்டிவந்து காட்டியிருந்தால், கைப்பிடி மண்ணை எடுத்துப் பார்த்துவிட்டுச் சொல்லியிருப்பார்.

இது என் சொந்தக் கருத்து மட்டும் இல்லை. திட்டத்தின் தலைவராகவே இருந்த சைபால் குமார் குப்தா சில மாதங்களிலேயே பதவி விலகினார். நிலம் மோசம், பாசனம் போதாது என்று 1965-இல் விரிவாகவே எழுதினார். அப்புறமும் ரயில்கள் வந்துகொண்டுதான் இருந்தன.

தாது வந்தது 1964-இல். அந்த ஜனவரியில் குல்னாவில் கலவரம். எல்லையைத் தாண்டியதும் ஒரு சீட்டு கொடுத்தார்கள். அதோடு கல்கத்தாவின் சியால்தா ஸ்டேஷன், அங்கிருந்து ராய்ப்பூர் பக்கத்து மானா முகாம். யுத்தகாலத்து விமானத்தளம் அது. வங்காளத்துக்கு வெளியே குடியேறச் சம்மதித்தால்தான் உதவி என்பது அப்போதைய விதி. முகாம் கூடாரத்தில் மூன்று கோடை, அதற்குப் பிறகு லாரியில் ஏற்றி இங்கே. அந்த எல்லைச் சீட்டை பிளாஸ்டிக் தாளில் சுற்றித் தகரப் பெட்டியின் அடியில் வைத்திருந்தார். எனக்கு எடுத்துக் காட்டினார். மடிப்பெல்லாம் கிழிந்து, பின்பக்கம் சோறு வைத்து ஒட்டியிருந்தது. வீட்டில் வேறு எது போனாலும் அது போகக் கூடாது என்று மருமகளிடம் சொல்லிவைத்திருந்தார். அந்தப் பயம் வீண்பயம் இல்லை என்று இப்போது தோன்றுகிறது. அறுபது வருஷம் கழித்தும் அவர் பேரப்பிள்ளைகளிடம் "எப்போது வந்தீர்கள், தாளைக் காட்டு" என்று கேட்கிறார்கள்.

இனிமேல் எழுதப்போவது எனக்குக் கஷ்டமான பகுதி.

எங்கள் கிளையின் பேரேட்டில் 1978-க்கு முந்தைய கடன்கள் சில அப்படியே கிடந்தன. உழவுமாட்டுக் கடன், பயிர்க்கடன். எதிரே சிவப்பு மையில் "தலைமறைவு" என்று குறித்திருந்தது. திட்ட அலுவலகத்திலும் அவர்களுக்கு அதே மாதிரி ஒரு பெயர்தான், ஓடிப்போனவர்கள். நிலுவையை வசூல் செய்வது என் வேலை. தாதுவின் பெயரும் அந்தப் பட்டியலில் இருந்தது. நானே கையெழுத்துப் போட்டு அவருக்கு நோட்டீஸ் அனுப்பினேன். அவர் அதை எடுத்துக்கொண்டு கிளைக்கு வந்தார். கோபப்படவில்லை. "பாபு, நான் ஓடிப்போகவில்லை, ஊருக்குப் போனேன்" என்றார்.

போன கதையைச் சொன்னார். 1977-இல் மேற்கு வங்காளத்தில் இடதுசாரி அரசு வந்தது. எதிர்க்கட்சியாக இருந்தபோது அகதிகளை வங்காளத்திலேயே குடியமர்த்த வேண்டும் என்று பேசியவர்கள் அவர்கள். அந்தப் பேச்சை நம்பி 1978-இல் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் தண்டகாரண்யத்தை விட்டுக் கிளம்பின. தாது மாட்டையும் ஏரையும் கிடைத்த விலைக்கு விற்றார். ரயில்வே ஸ்டேஷன்களில் பலரை மடக்கித் திருப்பி அனுப்பினார்கள். தப்பிப் போனவர்கள் ஹஸ்னாபாத் வழியாகச் சுந்தரவனத்தில் மரிச்ஜாப்பி என்ற தீவை அடைந்தார்கள். உப்புக் காற்று, ஓதத் தண்ணீர், சேற்று நண்டு. அதாவது அவர்களுக்குத் தெரிந்த உலகம். அரசாங்கத்திடம் அவர்கள் பணம் கேட்கவில்லை. தாங்களே கரை போட்டார்கள், குழாய்க்கிணறு இறக்கினார்கள், பள்ளிக்கூடம் கட்டினார்கள், மீன் வளர்த்தார்கள். "அந்த ஒரு வருஷம் நான் யாருடைய பட்டியலிலும் இல்லை" என்றார் தாது.

அது காப்புக்காடு, புலிகளுக்கான இடம், அங்கே குடியிருக்கக் கூடாது என்றது அரசு. 1979 ஜனவரி கடைசியில் தீவைச் சுற்றிப் போலீஸ் படகுகள் நின்றன. அரிசியும் குடிதண்ணீரும் போக முடியவில்லை. ஜனவரி 31-இல் துப்பாக்கிச் சூடு. மே மாதம் குடிசைகளைக் கொளுத்தி எல்லாரையும் அப்புறப்படுத்தினார்கள். எத்தனை பேர் இறந்தார்கள் என்பதில் அரசின் கணக்கும் மக்களின் கணக்கும் இன்றுவரை பொருந்தவில்லை. துப்பாக்கியால் இறந்தவர்களைத்தான் எண்ணுகிறார்கள், பேதியால் இறந்த குழந்தைகளை யார் எண்ணினார்கள் என்று தாது கேட்டார். அவருடைய கடைசிப் பையன் அப்படித்தான் போனான், ஆறு வயதில். அதே லாரி, அதே ரயில், அதே எண் போட்ட ஊர். வீட்டுக் கூரை விழுந்திருந்தது, நிலத்தில் புதர் மண்டியிருந்தது.

அவர் சொல்லி முடித்தபோது நோட்டீஸ் என் மேசையில் கிடந்தது. அதை நான் திரும்ப வாங்கிக்கொள்ள முடியாது, விதி அப்படி. கடனைப் புதுப்பித்துத் தவணை நீட்டிக்கத்தான் என்னால் முடிந்தது. அதையும் செய்தேன். ஆனால் அந்தச் சிவப்பு மை எழுத்தை அடித்துத் திருத்த எனக்குத் துணிச்சல் வரவில்லை. நாற்பது வருஷமாக அது உறுத்துகிறது. "தலைமறைவு" என்பதற்குப் பதிலாக "நிலம் விளையவில்லை" என்று எழுதியிருக்க வேண்டும்.

கேட்கப்படாதவர்கள் இன்னொரு பக்கமும் இருந்தார்கள். அந்தக் காடு ஆளில்லாத காடு இல்லை. கோயா மக்கள் காலம்காலமாக அங்கே மாடு மேய்த்தும், காட்டைத் திருத்தி விதைத்தும், இலுப்பைப் பூ பொறுக்கியும் வாழ்ந்துவந்தார்கள். வாரச் சந்தையில் அவர்கள் காய்கறிக்குக் காசு எண்ணும்போது ரெண்டு, நாலு என்று காதில் விழும். முதல்முறை கேட்டபோது யாரோ நம் ஊர்க்காரர் என்று நினைத்துத் திரும்பிப் பார்த்தேன். அவர்கள் பேசுவதும் நம் மொழிக் குடும்பம்தான். மீட்ட நிலத்தில் கால் பங்கு பழங்குடிகளுக்கு என்று திட்டத்தில் இருந்தது. ஆனால் மேய்ச்சல் காடாகவும் விறகுக் காடாகவும் இருந்தது முழுவதும் அவர்களுடையது என்பதை எந்தக் காகிதமும் சொல்லவில்லை.

பாலிமேலா அணை இன்னொரு கதை. சிலேரு ஆற்றின் குறுக்கே ஒரிசாவும் ஆந்திராவும் சேர்ந்து கட்டியது. நீர் தேங்கியதில் பழங்குடி ஊர்கள் மூழ்கின, 151 ஊர்கள் மூன்று பக்கமும் தண்ணீர், ஒரு பக்கம் மலை என்று துண்டிக்கப்பட்டன. அந்தப் பகுதிக்கே "கட்-ஆஃப் ஏரியா" என்று பெயர் வந்துவிட்டது. அவர்களுக்கு ஒரு பாலம் கிடைத்தது 2018-இல். ஆனால் அதே அணையில் மின்சாரம் எடுத்த பிறகு வெளிவரும் தண்ணீரைப் பொட்டேரு கால்வாய் வழியாக அகதிகளின் வயலுக்குக் கொண்டுவரும் வேலை நான் அங்கே இருந்த காலத்தில் நடந்துகொண்டிருந்தது. தண்ணீர் வந்தால் தாதுவின் நிலம் பிழைக்கும். அதற்காக நானும் ஆசையோடு காத்திருந்தேன். அந்தத் தண்ணீருக்காக ஊரை விட்டவர்கள் ஒரு மலைக்கு அப்பால் இருந்தார்கள் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. கோயாக்களுக்கும் வங்காளிகளுக்கும் இடையே நிலத்தை வைத்துப் புகைச்சல் வரும்போதெல்லாம் இரண்டு பக்கத்தையும் திட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். இரண்டு பேரையும் கேட்காமல் பக்கத்தில் பக்கத்தில் உட்காரவைத்தது யார் என்று யோசிக்கிறவர்கள் குறைவு.

நல்லதும் நடந்திருக்கிறது, அதைச் சொல்லாமல் விட்டால் அந்த மக்களுக்குத்தான் அநியாயம். சரளை மண்ணில் குப்பையும் சாணமும் போட்டுப் போட்டு மண்ணையே மாற்றினார்கள். ஊருக்கு ஊர் குளம் வெட்டி மீன் விட்டார்கள். சந்தைக்குக் கத்தரிக்காயும் பர்வல் என்ற காயும் கொண்டுவந்தவர்கள் அவர்கள்தான். சாயங்காலம் ஆனால் முரசு அடித்து "ஹரிபோல்" என்று பாடும் சத்தம் ஊருக்கு வெளியே ஜீப் நிற்கும்போதே கேட்கும். பரல்கோட் பக்கத்துப் பாக்கஞ்சூர் இன்று மீன் வளர்ப்புக்குப் பேர்போன ஊர். இதெல்லாம் அவர்கள் தங்கள் கையால் செய்தது. இதை வைத்து, திட்டம் வென்றது என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

இன்றைக்கும் தீராத ஒரு விஷயம் இருக்கிறது, உங்கள் நிருபர்கள் கவனிக்க வேண்டியது. தாதுவின் மகளைப் பரல்கோட்டில் கட்டிக் கொடுத்தார்கள். அது இப்போது சத்தீஸ்கரில், காங்கேர் மாவட்டத்தில் இருக்கிறது. மகன் மல்காங்கிரியிலேயே இருந்தார். இருவருமே நமசூத்ரர், ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள். ஒடிசாவில் நமசூத்ரர் பட்டியல் சாதி, சத்தீஸ்கரின் பட்டியலில் அந்தப் பெயரே இல்லை. மகன் வயிற்றுப் பேரனுக்குச் சாதிச் சான்றிதழ் கிடைத்தது, கல்லூரியில் உதவித்தொகை கிடைத்தது. மகள் வயிற்றுப் பேத்திக்குக் கிடைக்கவில்லை. அவர்களை எந்த மாநிலத்தில் இறக்கிவிடுவது என்று முடிவு செய்தது அரசாங்கம். லாரி எந்தப் பக்கம் திரும்பியதோ அதைப் பொறுத்து ஒரு பெண்ணின் படிப்பு போயிருக்கிறது. இது நடந்தது 1947-இல் இல்லை, நம் காலத்தில்.

நான் அங்கிருந்து மாற்றலாகி வந்து நாலு வருஷம் கழித்து, 1990-இல், மல்காங்கிரி என்ற பெயரை மறுபடி செய்தித்தாளில் பார்த்தேன். இலங்கையிலிருந்து இந்திய அமைதிப்படை திரும்பிய நேரத்தில் கப்பலில் வந்த ஈழத்தமிழர் ஆயிரத்துக்கும் மேற்பட்டோரை அங்கே கொண்டுபோய்த் தங்கவைத்திருந்தார்கள். என் மக்களை அந்த மண்ணிலா என்று அன்றைக்கு என் மனது பதறியது. அப்புறம்தான் யோசித்தேன். தாதுவும் யாருக்கோ "என் மக்கள்" தானே. அவர் வந்தபோது யாருக்காவது இப்படிப் பதறியதா?

நம் மாநிலத்தில் இலங்கைத் தமிழர்கள் இருக்கும் அகதிகள் முகாம் என்ற பெயரை 2021-இல் மறுவாழ்வு முகாம் என்று மாற்றினார்கள். 7,469 புது வீடுகள் என்று அறிவித்தார்கள். எங்கள் மாவட்டத்தில் இருக்கிறவர்களும் அதைப் பாராட்டினோம். ஆனால் முகாமில் பிறந்து முகாமிலேயே பிள்ளை பெற்றவர்கள் இருக்கிறார்கள். வீடு எந்தப் பக்கம் பார்க்க வேண்டும், கடலுக்குப் போகிறவனுக்கு வலை காயப்போட இடம் வேண்டாமா, திரும்பிப் போக நினைக்கிறார்களா, இங்கேயே குடியுரிமை கேட்கிறார்களா என்று ஒவ்வொரு குடும்பத்தையும் உட்காரவைத்துக் கேட்க வேண்டும். பஞ்சாபில் ஊர்க்கூட்டம் போட்டுக் கேட்டார்களே, அந்த மாதிரி. அது நம்மால் முடியாத காரியம் இல்லை. 1948-இல் கணினி இல்லாமலே செய்திருக்கிறார்கள்.

ஆகையால் ஆசிரியர் அவர்களே, என் வேண்டுகோள் இதுதான். குடியமர்த்தி முடித்தாகிவிட்டது என்ற அந்த வரிக்கு ஒரு திருத்தம் போடுங்கள். அடுத்த ஆகஸ்டில் வாகா எல்லையோடும் அமிர்தசரஸ் ரயிலோடும் நிறுத்திக்கொள்ளாமல் எண் போட்ட ஊர்களுக்கும் ஒரு நிருபரை அனுப்புங்கள். சாதிச் சான்றிதழ் விஷயத்தை அங்கேயே போய் விசாரித்து எழுதுங்கள். கோயாக்களின் ஊருக்கும் அவர் கட்டாயம் போக வேண்டும். ஒரு தரப்பை மட்டும் கேட்டுவிட்டு வந்தால் நான் இவ்வளவு நேரம் எழுதியதற்கே அர்த்தம் இல்லை.

தாது 1998-இல் காலமானார். மல்காங்கிரியில் இருக்கும் பேரன் துர்கா பூஜைக்கும் பொங்கலுக்கும் எனக்குப் போன் செய்வான். எனக்கு வங்காளி பாதி மறந்துவிட்டது, அவன் இந்தியில் பேசி முடித்துக்கொள்வான். போன வாரம் இந்தக் கடிதம் எழுதப்போகிறேன் என்று சொன்னேன். நிருபர் வருவதாக இருந்தால் ஜெய்ப்பூர் ஸ்டேஷனுக்கே வந்து பைக்கில் கூட்டிப்போகிறேன், எங்கள் வீட்டிலேயே தங்கிக்கொள்ளட்டும் என்றான். எல்லைச் சீட்டு இப்போது அவனிடம் இருக்கிறதாம், லேமினேட் செய்து வைத்திருக்கிறானாம். அனுப்புவதானால் அக்டோபருக்குப் பிறகு அனுப்புங்கள். மழைக்காலத்தில் அந்தப் பக்கம் பஸ்ஸை நம்ப முடியாது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வங்கி விவசாய அலுவலர்,
மன்னார்குடி.